"போல"வுக்குக் கோடு போட்ட பிறகு என்ன எழுதுவது? (குறுந்தொகை, தேவதைக் கதை, கிளிக்குள் இருக்கும் உயிர்)

1 | செந்தூல்_டீச்சர், கோலாலம்பூர்

வணக்கம். சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு. படிவம் 3, 4 பிள்ளைகள் 12 பேர், கையில் இருப்பது 90 நிமிடம். ஒரு சங்கப் பாட்டு, ஒரு தேவதைக் கதை, இரண்டிலும் அணிநயம் பார்க்க வேண்டும். தொடக்கப்பள்ளியிலிருந்தே உவமைத்தொடர் மனப்பாடம் செய்து வந்த பிள்ளைகள். "இலைமறை காய் போல", "நகமும் சதையும் போல" என்று கேட்டால் பொருளை மணிமணியாகச் சொல்வார்கள். புதுப் பாட்டைக் கொடுத்தால் "போல" எங்கே என்று தேடிக் கோடு போட்டு, "கவிஞர் அழகான உவமையைக் கையாண்டுள்ளார்" என்று முடித்துவிடுகிறார்கள். கோடு போட்ட பிறகு என்ன எழுதச் சொல்வது?

இரண்டாவது கேள்வி. அரக்கனின் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கிறதே, அதை உருவகம் என்று எழுதினால் மதிப்பெண் கொடுக்கலாமா?

2 | அச்சாணி, கெப்போங்

முதல் வேலையாக "அழகான" என்ற சொல்லுக்குத் தடை போடுங்கள் டீச்சர். அது இருக்கும்வரை பிள்ளை யோசிக்காது.

சங்கப் பாட்டுக்குப் போகுமுன் ஒரு குறளில் கை பழகட்டும். 100ஆம் குறள்:

இனிய உளவாக இன்னாத கூறல்
கனியிருப்பக் காய்கவர்ந் தற்று

"திருவள்ளுவர் இனிய சொல்லைக் கனிக்கும் கடுஞ்சொல்லைக் காய்க்கும் ஒப்பிடுகிறார்" என்று எழுதுவார்கள். தப்பில்லை, ஆனால் பாதிதான். "அற்று" என்ற உருபு ("போல" மாதிரி ஒப்புமை காட்டும் சொல்) எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கனியில் ஒட்டவில்லை, காயிலும் ஒட்டவில்லை, "கவர்ந்து" என்ற வினையில் ஒட்டியிருக்கிறது. ஆக, இங்கே ஒப்பிடப்படுவது செயல். தாளில் நடுவே ஒரு கோடு இழுத்து, இடப்பக்கம் பொருளையும் வலப்பக்கம் உவமையையும் எழுதச் சொல்லுங்கள்:

இனிய உளவாக | கனி இருப்ப
இன்னாத | காய்
கூறல் | கவர்தல்

முதல் வரிசைதான் குறளின் உயிர். கனி இல்லாமல் பசிக்குக் காயைத் தின்பவனை யாரும் முட்டாள் என்று சொல்லமாட்டார்கள். கனி கைக்கெட்டும் தூரத்தில் "இருக்க" காய்க்குக் கை நீட்டுவதுதான் முட்டாள்தனம். அந்த "இருப்ப" என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் படியுங்கள், குறள் சரிந்துவிடும். இதை எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

உருபு விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. நன்னூல் 12 உருபுகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. அதோடு நிற்காமல் "பிறவும்" என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. மேலே வந்த "அற்று" அந்தக் கதவு வழியாக வந்ததுதான். "போல" மட்டும் தேடினால் சங்கப் பாட்டில் பாதி உவமை தப்பிவிடும். இன்னொன்று, "மழை வரும் போலிருக்கு" என்பதில் உவமையே கிடையாது, அது ஐயம். எண்ணிக்கை விளையாட்டு இங்கேதான் பிள்ளைகளைக் கவிழ்க்கும்.

பொதுத்தன்மையைச் சொல்லத் திணறினால் தொல்காப்பிய உவமவியலின் முதல் நூற்பாவைக் கொடுங்கள்: வினை, பயன், மெய், உரு. என்ன செய்கிறது, என்ன பலன், என்ன வடிவம், என்ன நிறம். நாலு கேள்வி. நாலில் ஒன்றாவது பொருந்தாத உவமை அபூர்வம்.

3 | தீவுக்காரன், ஜார்ஜ்டவுன்

அச்சாணி ஐயா சொன்ன நடுக்கோடு முறை வெளிப்படையான உவமைக்குச் சரிப்படும். சங்கப் பாட்டில் பாதி விஷயம் கோட்டுக்கு வெளியே, உருபே இல்லாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே பாட்டில் வேண்டுமென்றால் குறுந்தொகை 8, ஆலங்குடி வங்கனார் பாடியது, மருதத்திணை:

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பொருள் தேடுமுன் ஒரே கேள்வி: யார் பேசுகிறாள், யாரை மனத்தில் வைத்து? பேசுபவள் காதற்பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப்போகும் பெண். தலைவி தன்னைப் பற்றித் தூற்றினாள் என்று கேள்விப்பட்டு, அவள் பக்கத்து ஆட்கள் காதில் விழும்படி பேசுகிறாள். இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் தவறும்.

முதலில் ஆடிப்பாவை. இதை "ஆடுகின்ற பொம்மை" என்று எழுதுபவர்கள் ஏராளம். ஆடி என்றால் கண்ணாடி. கண்ணாடி முன் நிற்பவர் கையைத் தூக்கினால் உள்ளே தெரியும் உருவமும் தூக்கும், காலைத் தூக்கினால் காலைத் தூக்கும். பொம்மலாட்டப் பொம்மை என்று எடுத்துக்கொண்டால் ஆட்டிவைப்பவர் மறைவில் இருப்பார், கயிறு வேண்டும். கண்ணாடிக்குக் கயிறு வேண்டாம். அவனுக்கென்று ஒரு அசைவே இல்லை என்பதுதான் குத்தல். "எங்கள் வீட்டில் பெரிய பேச்சு, அவர்கள் வீட்டில் நிழல்." "எம்மில்", "தம்மில்" என்ற இரண்டு இடங்களையும் சேர்த்து எழுதாவிட்டால் உவமை பாதியில் நிற்கும்.

அடுத்தது முதல் இரண்டு வரி. வயலோரத்து மாமரம். பழம் பழுத்துத் தானாக விழுகிறது. குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறது. "போல" இல்லை, "அன்ன" இல்லை. வெறும் ஊர் வருணனை என்று விட்டுவிடுவார்கள், அல்லது வாளைதான் தலைவன் என்று அவசரப்படுவார்கள். வாளையைத் தலைவன் ஆக்கினால் பேசுபவளுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. மரம் தலைவியின் வீடு, பழம் தலைவன், வாளை தான் என்று வைத்துப் பாருங்கள்: "நான் மரமேறிப் பறிக்கவில்லை. பழுத்தது, விழுந்தது, என் வாயில் வந்தது." குற்றச்சாட்டுக்கு நேரான பதில். தூண்டில் போட்டவளும் இல்லை, கல்லெறிந்தவளும் இல்லை. இதுதான் உள்ளுறை உவமம்.

கடைசி வரியில் "மனைவிக்கு" என்று சொல்லியிருக்கலாம். "தன் புதல்வன் தாய்க்கே" என்கிறாள். பிள்ளை பெற்றதால் மட்டுமே அவளுக்கு அந்த இடம் என்கிற மாதிரி. இது அணி இல்லை, ஆனால் அணிநயம் எழுதும்போது இதை விடுபவரை நம்பமாட்டேன்.

4 | செந்தூல்_டீச்சர்

ஆடிப்பாவை, அடடா. ஆனால் 15 வயதுப் பிள்ளைகளிடம் காதற்பரத்தையை எப்படி விளக்குவது? பெற்றோர் வாட்சாப்பில் திரண்டுவிடுவார்கள். இன்னொன்று, உள்ளுறை என்று எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாமோ என்று பயமாக இருக்கிறது. மீன் என்றால் அது, மரம் என்றால் இது என்று கற்பனை பறக்கிறது.

5 | தீவுக்காரன்

பரத்தை வேண்டாமென்றால் குறுந்தொகை 40 எடுங்கள், செம்புலப் பெயல்நீர் (செம்மண்ணில் பெய்த மழைநீர்). 8ஆம் பாட்டை டீச்சர்கள் நமக்குள் வைத்துக்கொள்வோம்.

கற்பனை பறப்பதைக் கட்டத் தொல்காப்பியமே கயிறு கொடுக்கிறது. உள்ளுறை அந்த நிலத்தின் கருப்பொருளிலிருந்து (அங்குள்ள மரம், விலங்கு, தொழில் போன்றவை) வரவேண்டும், தெய்வம் நீங்கலாக. அதற்கு மேல் என்னுடைய சல்லடை இரண்டு. ஒன்று, குறைந்தது மூன்று உறுப்பாவது வரிசை மாறாமல் பொருந்த வேண்டும் (மரம், பழம், மீன்). ஒரே ஒரு பொருள் மட்டும் ஒத்துவந்தால் அது வருணனைதான், விட்டுவிடலாம். இரண்டு, அந்தப் பொருத்தம் பேசுபவரின் வாதத்துக்கு உதவ வேண்டும். உதவாத உள்ளுறை படிப்பவரின் உள்ளுறை.

6 | பந்துன்_பிரியன், பாயான் லெப்பாஸ்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நம் பிள்ளைகளுக்கு உள்ளுறையைப் புரியவைக்க மலாய்ப் பாடத்திலேயே ஒரு படிக்கட்டு இருக்கிறது, பந்துன். நாலு வரி. முதல் இரண்டு பெம்பாயாங், அடுத்த இரண்டு மக்சூட். முன்னதில் காட்சி, பின்னதில் கருத்து. எல்லாரும் அறிந்த பழைய பந்துன்:

பூலாவ் பாண்டான் ஜாவு கெ தெங்ஙா
குனோங் டாயெக் பெர்ச்சாபாங் தீகா
ஹாஞ்சோர் பாடான் டிகாண்டோங் தானா
பூடி யாங் பாயெக் டிகெனாங் ஜுகா

பாண்டான் தீவு நடுக்கடலில் தூரத்தில், டாயெக் மலைக்கு மூன்று கிளை. உடல் மண்ணுக்குள் சிதைந்தாலும் நற்பண்பு நினைக்கப்படும். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் பந்துனைச் சேர்த்தபோது மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்துதான் விண்ணப்பித்தன. குறுந்தொகையைப் போலவே காட்சி முன்னால், பேச்சு பின்னால்.

7 | தீவுக்காரன்

உதாரணம் நல்லது, ஆனால் "போலவே" என்பதை ஏற்கமுடியாது. பெம்பாயாங் பல பந்துன்களில் ஓசைக்காகத்தான் வருகிறது: தெங்ஙா–தானா, தீகா–ஜுகா. முதல் வரி மூன்றாவதோடும் இரண்டாவது நாலாவதோடும் ஒலிக்க வேண்டும், அது கட்டாயம். பொருள் ஒட்டினால் சிறப்பு, ஒட்டாவிட்டாலும் பந்துன் பந்துன்தான். மாமரமும் வாளையும் அப்படி இல்லை, ஒட்டாவிட்டால் உள்ளுறையே இல்லை. மூன்று கிளை மலைக்கும் நற்பண்புக்கும் முடிச்சுப் போடச் சொன்னால் பிள்ளை கட்டாயம் போட்டுவிடும், அதுதான் பிரச்சினை. வேறுபாட்டைக் காட்ட இந்தப் பந்துனைப் பயன்படுத்துங்கள், ஒற்றுமைக்கு வேண்டாம்.

8 | பந்துன்_பிரியன்

சரிதான். ஆனால் தூரத்துத் தீவும் அசையாத மலையும் நிலைத்திருப்பதை நினைவூட்டவில்லை என்று சத்தியம் செய்யமுடியுமா? விடுங்கள், டீச்சரின் கிளி இன்னும் கூண்டிலேயே இருக்கிறது.

9 | ஓலைத்தூக்கு, பிரிக்ஃபீல்ட்ஸ்

கிளிக்கு வருகிறேன். உருவகம் என்று எழுதினால் மதிப்பெண் கொடுக்கவேண்டாம் டீச்சர். காரணம்: கதைக்குள் இருக்கும் ஆட்களுக்கு அது நிஜம். இளவரசன் கிளியின் காலை ஒடித்தால் அரக்கனின் கால் ஒடிகிறது, கழுத்தைத் திருகினால் அரக்கன் விழுகிறான். உருவகத்தில் அப்படி நடக்காது. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" என்னும் 10ஆம் குறளில் யாருக்கும் கால் நனையாது.

அப்படியானால் கிளி என்ன? பேச்சில் இருந்த உருவகம் உடம்பெடுத்து வந்தது. "அவள்தான் என் உயிர்", "என் உயிரே அவன்கிட்டதான் இருக்கு" என்று தினம் சொல்கிறோம். கதை அதைச் சொல்லுக்குச் சொல் நம்பிவிடுகிறது. உயிர் வெளியே இருக்கலாம் என்றால் எங்கே, எந்தக் குகையில், எந்தக் கூண்டில் என்று கேட்டுக்கொண்டே போகிறது. பிள்ளை எழுத வேண்டியது இந்த வழியை: எந்தப் பேச்சு வழக்கு உண்மையாகியிருக்கிறது, அது உண்மையானதால் கதையில் யாருக்கு என்ன ஆபத்து வந்தது. பலமுள்ளவனின் பலவீனம் அவன் உடம்பில் இல்லை, அவன் பத்திரப்படுத்திய இடத்தில் இருக்கிறது. இந்த வாக்கியம் வந்தால் தாராளமாகப் போடுங்கள்.

கிரிம் சகோதரர்கள் தொகுத்த பனிவெண்மை (ஸ்னோ ஒயிட்) கதையில் உவமை உண்மையாவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அரசி சன்னலோரம் தைக்கிறாள், ஊசி குத்தி மூன்று சொட்டு இரத்தம் பனியில் விழுகிறது. பனி போல் வெண்மையாக, இரத்தம் போல் சிவப்பாக, சன்னல் சட்டத்து மரம் போல் கறுப்பாக ஒரு குழந்தை வேண்டும் என்று நினைக்கிறாள். அப்படியே பிறக்கிறது. உவமை சொன்னவள் வாயிலிருந்து இறங்கிப் பிள்ளையாகிவிட்டது. தேவதைக் கதையில் வருணனை மிகக் குறைவு, உவமை அதைவிடக் குறைவு. அப்படி வந்த ஒன்று ஏன் இந்த மூன்று நிறம் என்று கேட்கவேண்டும். மூன்றும் அந்தச் சன்னலிலேயே, ஒரே பார்வையில் இருக்கின்றன. கவிஞன் தேடிப்போய்க் கொண்டுவந்த உவமானம் இல்லை, கை நீட்டினால் தொடும் பொருள்.

தமிழில் படிக்கும்போது இரண்டு கல் தடுக்கும். தமிழில் பனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது புல் மேல் பனித்துளி, மார்கழிப் பனி. அது வெள்ளை இல்லை. கோலாலம்பூர்ப் பிள்ளைக்கு இரண்டுமே தெரியாது, குளிர்பெட்டிதான் தெரியும். "உறைபனி" என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். அடுத்தது அந்தக் கறுப்பு மரம், கருங்காலி. தமிழில் அந்தச் சொல்லுக்குக் காட்டிக்கொடுப்பவன் என்று இன்னொரு பொருள் ஏறியிருக்கிறது. மூலத்தில் அந்த நிழல் கிடையாது. "கருங்காலி போல் கறுத்த கூந்தல், இது துரோகத்தின் குறியீடு" என்று யாராவது எழுதினால் அது மொழிபெயர்ப்பில் முளைத்த அணி.

எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1812 பதிப்பில் பொறாமைப்படுபவள் பெற்ற தாய். 1819இல்தான் மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஆசைப்பட்ட வாயே பிறகு சாகச் சொல்கிறது என்று படிப்பதா, இரண்டு வேறு பெண்கள் என்று படிப்பதா என்பது இதைப் பொறுத்தது.

10 | அச்சாணி

ஓலைத்தூக்கோடு ஒரு சின்னச் சண்டை. கதைக்குள் நிஜம், சரி. ஆனால் முழுக் கதையும் வேறொன்றைச் சொல்லலாம் அல்லவா? மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிற பீலிபெய் சாகாடும் குறளில் (475) மயிலிறகும் வண்டியும் அச்சும் தவிர எதுவுமே இல்லை, பகைவர் என்ற சொல்லே வரவில்லை. சொல்லவந்ததை மறைத்து வேறொன்றைச் சொல்வதால் பிறிது மொழிதல் என்கிறோம். தண்டியலங்காரம் ஒட்டு என்கிறது. கிளிக்கதையும் பெரிய ஒட்டணி என்று ஒரு பிள்ளை எழுதினால்?

11 | ஓலைத்தூக்கு

மயிலிறகைத் தனியாக எடுத்தால் அந்தக் குறளை ஏன் எழுதினார் என்று யாருக்கும் விளங்காது, வண்டிக்காரனுக்கு அறிவுரை ஆகிவிடும். வலியறிதல் அதிகாரத்தில் வைத்தால்தான் பொருள். கிளிக்கதைக்கு அந்த அதிகாரத் தலைப்பு இல்லை. உட்பொருள் தெரியாமலே ஒரு குழந்தை முழுசாக அனுபவிக்கும். அதனால் "ஒட்டணி" என்பது சொல்லும் சூழலைப் பொறுத்தது. கதை சொல்பவர் ஒரு சந்தர்ப்பத்தில் ஒரு ஆளைக் குத்துவதற்காகச் சொன்னால் ஒட்டு. படுக்கையில் பாட்டி சொன்னால் கதை.

12 | அச்சாணி

பாட்டிமார் யாரையும் குத்தமாட்டார்கள் என்று நினைக்கிறீர்களா! சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

பேசும் விலங்குகளிலும் இதே குழப்பம்தான். மலாய்க் கதைகளில் வரும் சருகுமான் சாங் கஞ்சில் முதலைகளிடம் "அரசர் கட்டளை, உங்களை எண்ண வேண்டும், வரிசையாக நில்லுங்கள்" என்று சொல்லி முதுகுமேல் தாவித்தாவி ஆற்றைக் கடக்கிறது. இதைத் தற்குறிப்பேற்றம் என்று எழுதுகிறார்கள். சிலம்பில் மதுரைக் கோட்டைக் கொடிகள் "வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்று வருவதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இளங்கோ இல்லாவிட்டாலும் கொடி காற்றில் ஆடும், அந்த ஆட்டத்தின்மேல் கோவலனைத் தடுக்கும் குறிப்பை ஏற்றுகிறார். குறிப்பை உரித்தெடுத்தால் கொடி மிஞ்சும். கஞ்சிலின் பேச்சை உரித்தெடுத்தால் என்ன மிஞ்சும்? பசியுள்ள முதலையும் செத்த சருகுமானும். கதையே இல்லை. ஆகவே அது அணி இல்லை, கதை வகையின் விதி. "கேட்குந போலவும் கிளக்குந போலவும்" என்று அஃறிணையைப் பேசவைக்க நன்னூலே இடம் கொடுத்திருக்கிறது.

13 | பந்துன்_பிரியன்

மலாய்ப் பழங்கதையில் வரும் சி தங்காங்கும் அப்படித்தானே? தாயை மறுத்தவன் கப்பலோடு கல்லாகிறான். பத்துமலையே அந்தக் கப்பல் என்று சொல்லும் வழக்கும் உண்டு. கல்நெஞ்சன் கல்லானான், பேச்சு உடம்பெடுத்தது.

14 | ஓலைத்தூக்கு

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் "கல்நெஞ்சன்" நம் பேச்சு. கதை மலாய்க்கதை. மலாயில் கெராஸ் ஹாத்தி என்றால் பிடிவாதம், உறுதி. அது இரக்கமின்மைக்கு நேரல்ல. எந்த மொழியின் உருவகம் உண்மையானது என்று சொல்வதானால் அந்த மொழியில் அந்த வழக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும். தமிழில் திருப்பிச் சொல்லும்போது கல்நெஞ்சன் என்று ஒரு வார்த்தை சேர்த்தீர்களானால், அதன்பிறகு அது உங்கள் கதையின் அணி.

15 | தீவுக்காரன்

ஒரு இடைச்செருகல். சிவப்புத் தொப்பி என்று ஒரு சிறுமி ஓநாய்க் கதையில் வருகிறாளே, அந்தப் பெயரை "உருவகம்" என்று ஒரு விடைத்தாள் சொன்னது. "பொற்றொடி வந்தாள்" என்பதில் பொற்றொடி எப்படி வளையலைக் குறிக்காமல் அணிந்தவளைக் குறிக்கிறதோ, அதே வேலைதான். அன்மொழித்தொகை. ஐரோப்பியக் கதைக்கு நம் தொகைநிலை இவ்வளவு பொருத்தமாக உட்காரும் என்று யார் நினைத்தார்கள்.

16 | அச்சாணி

டீச்சர், 90 நிமிடத்தைப் பிரித்துத் தருகிறேன். பாட்டை மூன்று முறை வாய்விட்டுப் படிக்க 10. யார் யாரிடம், எந்த நிலைமையில் என்பதற்கு 15. நடுக்கோடு போட்டுப் பொருத்த 25. கதைக்கு 25, அதில் ஒரே ஒரு உருப்படி போதும், பனியோ கிளியோ. மிச்சம் 15 நிமிடத்தில் ஐந்து வாக்கியம் எழுதட்டும்: எது எதோடு, எந்த வகையில், எந்தச் சொல் அதைத் தாங்குகிறது, எடுத்துவிட்டால் என்ன போகும், பேசுபவருக்கு இதனால் என்ன ஆயிற்று. நாலாவது வாக்கியத்தில்தான் தடுமாறுவார்கள். அங்கே உதவுங்கள், மற்றதில் விட்டுவிடுங்கள்.

17 | செந்தூல்_டீச்சர்

நானே 40ஆம் பாட்டுக்கு எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்:

"தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம், நம் இருவர் நெஞ்சமும் செம்மண்ணும் மழைநீரும் போலக் கலந்தன என்கிறான். மழையைக் காதலுக்கு ஒப்பிடவில்லை, கலத்தல் என்ற வினையையே ஒப்பிடுகிறான். 'செம்' என்ற அடை இதைத் தாங்குகிறது, ஏனெனில் செம்மண்ணில் விழுந்த நீர்தான் நிறம் மாறிக் கலப்பைக் கண்ணுக்குக் காட்டும். 'செம்' இல்லையென்றால் நீர் மண்ணில் வற்றிப்போகும் காட்சியாகிவிடும். நிறம் ஏறிய நீரைப் பழையபடி பிரிக்கமுடியாது என்பதால் தலைவியின் அச்சத்துக்கு இது விடை."

18 | தீவுக்காரன்

நன்றாக வந்திருக்கிறது. ஒன்று விட்டுப்போயிற்று. உவமைக்கு முன் மூன்று கேள்வி இருக்கின்றன: என் தாயும் உன் தாயும் யார் யாருக்கு, என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிந்தோம். உறவே இல்லாதவர்கள். மழையும் செம்மண்ணும் அப்படித்தான், ஒன்று வானத்தில், ஒன்று தரையில். அப்புறம் "தாங்கலந்தனவே" என்பதில் "தாம்" இருக்கிறது. யாரும் கலக்கிவிடவில்லை, தாமாகக் கலந்தன. பெயரே தெரியாத அந்தப் புலவருக்கு இந்த உவமையால்தான் செம்புலப்பெயல்நீரார் என்று பெயர் வந்தது. அந்தத் "தாம்" இல்லாமல் விடலாமா?

19 | செந்தூல்_டீச்சர்

சேர்த்துவிட்டேன். ஆறு வாக்கியமாகிவிட்டது.

20 | அச்சாணி

ஆறாகவே இருக்கட்டும் டீச்சர்.